சின்ன மோட்டாரும் இருபத்து மூன்றாவது வால்வும்

மெட்ராஸில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகப் பிடிபட்டதே இல்லை. அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் பைப்புக் கடை. கிணற்று மோட்டாருக்கு வேண்டிய குழாய், எல்போ, டீ, ஃபுட் வால்வு எல்லாம் அங்கே கிடைக்கும். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே குழாய்களுக்குக் கணக்குப் போடும் வேலை என்று ஒரு லீவில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அது போதும். கடைக்கு வருகிற விவசாயச் சம்சாரிகளிடமெல்லாம், "நம்ம தொழில்தான், கொஞ்சம் பெரிய சைஸு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய பட்டத்தை ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாயோடு சேர்த்துக் கட்டுகிறாரே என்று உர்ரென்று இருப்பேன். அவர் அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

நான் போட்டது பிளேர் கணக்கு. குக்கரில் அழுத்தம் ஏறினால் விசில் தூக்கி ஆவியை வெளியே விடுகிறதல்லவா, ஆலையில் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அப்படி ஒரு சேஃப்டி வால்வு உண்டு. நம் வீட்டு விசில் அடுப்படிக்குள் அடித்துவிட்டுப் போகும். ஆலையில் வருவது எரியும் வாயு, அதை அப்படித் திறந்துவிட முடியாது. எல்லா வால்விலிருந்தும் குழாய் எடுத்து, ஒரு பெரிய குழாயில் சேர்த்து, ஒரு பெரிய டிரம்மில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே ஈரம் தங்கிவிடும். வாயு மட்டும் உயரமான புகைபோக்கியில் ஏறி உச்சியில் எரியும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆகாயத்தில் ஒரு தீவட்டி தெரியுமே, அதுதான் பிளேர்.

எல்லா வால்வும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் வம்பு. ஆலையில் கரண்ட் போனால் குளிர்விக்கும் தண்ணீர் நின்றுவிடும், பாத்திரங்கள் எல்லாம் சூடேறும், வால்வுகள் வரிசையாகத் தூக்கும். அத்தனை வாயுவும் ஒரே குழாயில் முண்டியடித்துக்கொண்டு போகும்போது குழாய்க்குள்ளேயே ஒரு அழுத்தம் உண்டாகி, வால்வுகளைப் பார்த்துத் திரும்பித் தள்ளும். அதற்குப் பெயர் பின்னழுத்தம். அது அளவுக்கு மீறினால், திறக்க வேண்டிய வால்வு திறக்காது. சாதாரண வால்வாக இருந்தால், அது திறக்கிற அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பின்னழுத்தம் இருக்கக் கூடாது என்பது கணக்கு.

இந்தக் கணக்கைப் பின்னாலிருந்துதான் போட வேண்டும். புகைபோக்கியின் வாயில் வெறும் காற்றின் அழுத்தம், அது நமக்குத் தெரியும். அங்கிருந்து ஆரம்பித்து, குழாயின் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்று பின்னோக்கி நடந்து வந்து, வால்வின் காலடியில் நிற்க வேண்டும். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஒன்று கண்ணாடி அறைக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதற்கு வரிசையில் நின்றால் நம் முறை வருவதற்குள் அடுத்த வருஷம் வந்துவிடும். அதனால் நான் கையிலேயே போட்டேன், ஒரு கால்குலேட்டரும் ஒரு கட்டுக் காகிதமும் வைத்துக்கொண்டு, ஐந்து வாரம்.

அது எனக்கு முதல் தனிக்கணக்கு. எங்கள் செக்ஷன் தலைவர் அதிகம் பேச மாட்டார். தப்பு இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்தப் புள்ளியை எத்தனையோ நாள் தேடி நான் அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கை என்னிடம் கொடுக்கும்போது, இன்னொருவரைத் துணைக்குப் போடட்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்று நான் வெடுக்கென்று சொன்னேன். செக்ஷனில் நான் ஒருத்திதான் பெண். துணை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்போது ஆகாது.

கணக்கு முடிந்தது. 'போட்டவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பங்குனிப் பொங்கலுக்குப் பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தேன். நான் வந்த அடுத்த வாரத் திங்கட்கிழமை வரைபடம் ஆலைக்காரர்களுக்குப் போவதாக ஏற்பாடு. போனால் இரும்பு வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் கணக்கில் தப்பு என்றால் ரப்பரால் அழிக்க முடியாது.

பெருமை தாங்காமல் முதல் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். வால்வுகளின் பட்டியலும், அடியில் என் கையெழுத்தும் உள்ள பக்கம். அப்பா அதை ஏற இறங்கப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை, கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க ஃபுட் வால்வு வாங்க வந்தவர்களெல்லாம் சுத்திகரிப்பு ஆலையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவர் கடைக்கு வந்தார். திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். சாக்கில் சுற்றிக்கொண்டு வந்த ஃபுட் வால்வை மேஜையில் வைத்து, அண்ணாச்சி, இது சரியில்லை என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் கடையில் வாங்கிய சாமான் திரும்பி வருவது அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி. கிணற்றுக்குள் குழாயின் அடியில் மாட்டுகிற வால்வு அது, ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்வது. அப்பா ஒரு செம்பு தண்ணீரை அதற்குள் ஊற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

பிறகுதான் வந்தவர் முழுக் கதையையும் சொன்னார். அண்ணன் தம்பி மூன்று பேர், இவர் இளையவர். கிணறு மூவருக்கும் பொது, மோட்டார் ஆளுக்கொன்று. மூத்தவருடையது ஏழரை குதிரைத்திறன், இரண்டாமவருடையது ஐந்து, இவருடையது மூன்று, அதுவும் பழசாக வாங்கியது. மூன்று மோட்டாரும் ஒரே குழாயில் சேர்ந்து, மேட்டில் இருக்கிற தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும். தொட்டியிலிருந்து முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். குழாய் போட்டதிலிருந்து இவருடைய மோட்டார் ஓடுகிறதே தவிரத் தண்ணீர் தள்ளவில்லை, தொட்டாலே சுடுகிறது. மெக்கானிக் இரண்டு தடவை கழற்றிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சின்னவன் மோட்டாரைச் சும்மா உறுமவிட்டுவிட்டு எங்கள் தண்ணீரைப் பாய்ச்சுகிறான் என்று இரண்டாமவர் எவரிடமோ சொல்லப்போக, இவர் ரோஷத்தில் தன் முறையையே விட்டுவிட்டார். பத்து நாளாக மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் இல்லை.

"எம் மோட்டாரு தள்ளாம அவுக தண்ணிய நான் பாய்ச்ச மாட்டேன் அண்ணாச்சி. செடி காஞ்சாலும் காயட்டும்" என்றார்.

பண்டிகை வியாபாரம், அப்பாவால் கடையை விட்டு நகர முடியாது. என்னைப் பார்த்தார். "நீதான் பைப்பு படிச்சவளாச்சே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. ஐந்து வாரம் காகிதத்திலேயே குழாய் பார்த்தவளுக்குக் கண்ணால் ஒரு குழாய் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. அம்மா உடனே நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். திருச்சுழிக் கோயிலுக்கு வெகுநாளாக ஒரு நேர்ச்சை பாக்கியாம். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லை என்பதை அவள் எப்போதும் ஏதாவது ஒரு சாமியின் பெயரில்தான் சொல்வாள்.

அந்த ஊருக்கு மும்முனை கரண்ட் காலையில் மூன்று மணி நேரம்தான் வரும். அதனால் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, திருச்சுழியில் இறங்கி, அங்கிருந்து இளையவரின் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். கிணற்றடியில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மூத்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். இரண்டாமவர் வரவில்லை. இளையவரின் மனைவி சற்றுத் தள்ளி ஒரு கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைப்பு இன்ஜினீயர் என்று ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் குடையோடு வந்து இறங்கியதைப் பார்த்து மூத்தவர் மீசைக்குள் சிரித்ததை நான் கவனித்தேன். கவனித்து, மனதில் வைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டும் சேர்ந்து வருகிற பெரிய குழாயில் இளையவருடைய குழாய் வந்து சேர்கிற இடத்தில், மூன்று வாய் கொண்ட இரும்பு டீ ஒன்று இருந்தது. அதில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. என்னவென்று கேட்டேன். பாகப்பிரிவினையில் மனஸ்தாபமாகி மூன்று பேரும் நாலு வருஷம் பேசாமல் இருந்தார்களாம். தங்கை வீட்டுக் கல்யாணத்தில் சமாதானம் ஆனது. அதுவரை ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு வாய்க்கால். இனிமேல் ஒரே குழாயில் மூவர் தண்ணீரும் கலந்து போகட்டும் என்று குலசாமிக்கு முன்னால் முடிவெடுத்து, எங்கள் கடையில்தான் அந்தப் பெரிய குழாயை வாங்கியிருக்கிறார்கள். தேங்காய் உடைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மூத்தவர் அதைச் சொல்லும்போது டீயைத் தடவிக்கொண்டே சொன்னார்.

கரண்ட் வந்ததும் மூன்று மோட்டாரும் உறுமின. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. இளையவருடைய பம்பைத் தொட்டேன், சுட்டது. மூத்தவருடைய மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். பிறகு இரண்டாமவருடையதையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டும் நின்றதும் தொட்டியில் தண்ணீர் ஒரு கணம் அறுந்தது. அப்புறம் குழாய் ஒரு தடவை குலுங்கியது. கலங்கலாகக் கொஞ்சம் கக்கிவிட்டுத் தெளிந்த தண்ணீர் விழ ஆரம்பித்தது. குழாய் நிறைய இல்லை, பாதிதான். ஆனால் அது மூன்று குதிரைத்திறன் மோட்டாரின் சொந்தத் தண்ணீர்.

இளையவர் தொட்டிக்கு ஓடிப்போய் இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை ஏந்தினார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. மூன்று மோட்டாருக்கும் எப்போதும் ஒரே நேரத்தில் கரண்ட் வரும், ஒரே நேரத்தில் போடுவார்கள். அதனால் இந்தச் சின்ன மோட்டார் தனியாக ஓடியதே கிடையாது. இத்தனை நாளும் அது பழியைச் சுமந்துகொண்டு சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கரிசல் மண்ணில் படம் போட்டேன். பெரிய மோட்டார்கள் தள்ளுகிற தண்ணீர் குழாயை நிறைத்து நெருக்குகிறது, அந்த நெருக்கம் சின்ன மோட்டாரைத் திரும்பித் தள்ளுகிறது, அதற்கு எதிர்த்துத் தள்ளுகிற தெம்பு இதற்குக் கிடையாது, இதற்குப் பின்னழுத்தம் என்று பெயர், நான் இதில் நிபுணர் என்று ஒரு பிரசங்கம். மூத்தவரின் மீசைச் சிரிப்புக்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்தேன். குழாயை இணைக்கும்போது சின்ன மோட்டாரைப் பற்றி ஒருத்தருமே யோசிக்கவில்லையா, இது எவ்வளவு பெரிய அறியாமை என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மூத்தவர் கோபப்படவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "யோசிச்சோம் தாயி. மூணு ஹெச்பி தானே, இத்தத்தண்டி குழாய அது என்ன செஞ்சிரப் போகுதுன்னு விட்டுட்டோம்" என்றார்.

அந்தப் பக்கத்து வழக்கத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேச மாட்டாள். பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம் பேசுவாள். இளையவரின் மனைவி கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதனிடம் சொன்னாள்:

"அது குழாய என்ன செய்யும்னு பாத்தாக. குழாய் அத என்ன செய்யும்னு பாக்கலியே."

என் கையிலிருந்த குச்சி அப்படியே நின்றுவிட்டது. எங்கோ ஒரு காகிதத்தின் கடைசி வரியில், என் கையெழுத்திலேயே, மூத்தவர் சொன்ன அதே வார்த்தையை நான் எழுதியிருக்கிறேன். எந்த வரி என்றுகூட உடனே ஞாபகம் வந்துவிட்டது.

என் பட்டியலில் இருபத்து மூன்று வால்வுகள். இருபத்திரண்டுக்குக் கணக்குப் போட்டேன். இருபத்து மூன்றாவது ஒரு குட்டிப் பாத்திரத்தின் குட்டி வால்வு. அதிலிருந்து வருகிற வாயு பெரிய குழாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் அதற்கு நேரே, 'சுமை மிகக் குறைவு, கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டேன். அது குழாயை ஒன்றும் செய்யாதுதான். ஆனால் மற்ற இருபத்திரண்டும் சேர்ந்து குழாயை நிறைக்கும்போது, அந்தக் குழாய் இதை என்ன செய்யும் என்று நான் பார்க்கவே இல்லை. கரண்ட் போகிற நாளில் அந்தக் குட்டிப் பாத்திரமும் சூடேறும். அதன் வால்வு திறக்கப் பார்க்கும், திறக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

இப்போது என்ன செய்வது என்று இளையவர் கேட்டார். என் புத்தி மெட்ராஸில் இருந்தது. வாய் மட்டும், உங்கள் மோட்டாருக்குத் தனிக் குழாய் போட்டுப் பிரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. மூத்தவரின் முகம் சுண்டிவிட்டது. டீயின் மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டு, நாலு வருஷம் கழித்துச் சேர்ந்தோம், மறுபடியும் பிரியச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இளையவரும் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியென்றால் வேண்டாம் என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

அவள் மறுபடியும் கன்றுக்குட்டியிடம் பேசினாள். "குழாய் தனியா வந்தா என்னவாம். போய் விழுகுற தொட்டி ஒண்ணுதானே."

கன்றுக்குட்டி காதை ஆட்டியது. மூத்தவர் தொட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அப்புறம் டீயைப் பார்த்தார். தனிக் குழாய்க்கும் தேங்காய் உடைக்கத்தான் வேண்டும் என்றார். இளையவர் பளிச்சென்று சிரித்தார். என் அம்மா, அதுதானே, என்று தன் யோசனை மாதிரி தலையாட்டினாள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. இளையவரின் மனைவி சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்திருந்தது. அந்தக் குட்டி வால்வையும் பெரிய குழாயில் சேர்க்காமல், தனியாக ஒரு சின்னக் குழாய் எடுத்துக்கொண்டு போய், புகைபோக்கியின் அடியில் இருக்கிற அதே டிரம்மில் விட்டால் என்ன? எல்லோருக்கும் அந்த டிரம் பொதுதானே. எங்கள் ஆபீஸ் சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடும். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

கோயில் இன்னொரு நாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினாள். வண்டி திருச்சுழிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பஸ் எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த பஸ் வழியில் ஒவ்வொரு வேப்பமரத்துக்கும் நின்று ஆள் ஏற்றியது. கோழிக்கூடை ஏறியது, முளைப்பாரிக்கு மண்சட்டி வாங்கப் போகிற ஒரு பெண்கள் கூட்டம் ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துணை வேண்டாம் என்று வெடுக்கென்று சொன்ன என் குரல் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. போன் பண்ணாவிட்டால் என்ன என்றும் ஒரு எண்ணம் வந்தது. ஒரு கெட்ட எண்ணம் என்று தெரிந்தே வந்தது. லீவு முடிந்து போய்ச் சாவகாசமாகச் சொல்லலாம், ஒருவேளை யாருமே கவனிக்காமலும் போகலாம். அந்த இளையவர் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. போன் பண்ணுவது என்று அப்போதுதான் முடிவாயிற்று.

கடைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. நேராகப் போய் மேஜைக் கண்ணாடியைத் தூக்கினேன். இரண்டு சம்சாரிகள் முழங்கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். கடைசி வரி அப்படியே இருந்தது. ஒரு வாரமாகப் பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஊரே பார்க்கிற மாதிரி, என் தப்பு என் கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

அங்கேயே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எல்லா வால்வும் திறந்திருக்கும்போது டிரம்மில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, அது எனக்கு மனப்பாடம். அந்தக் குட்டி வால்வு வந்து சேர்கிற இடத்தில் ஒன்று புள்ளி ஒன்று. வால்வு திறக்க வேண்டியது மூன்றரையில். அதற்குப் பத்தில் ஒரு பங்கு புள்ளி மூன்று ஐந்துதான் தாங்கும். இதுவோ மூன்று மடங்குக்கு மேல். மூன்றரையில் திறக்க வேண்டியது நாலரை தாண்டித்தான் திறக்கும். தனிக் குழாயாகப் போனால் புள்ளி இரண்டு ஐந்து, தப்பித்துக்கொள்ளும். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்பா நான் கேட்காமலே ஒரு சோடாவை உடைத்துப் பக்கத்தில் வைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்டிடி பூத். எனக்கு முன்னால் ஒருவர் சூரத்தில் இருக்கிற மகனிடம் ஆட்டுக்குட்டி விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்தபோது பன்னிரண்டு ஐம்பது. மூன்றாம் முயற்சியில் லைன் கிடைத்தது. செக்ஷன் தலைவர்தான் எடுத்தார்.

வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரே மூச்சில் கொட்டினேன். இருபத்து மூன்றாவது வால்வை நான் விட்டுவிட்டேன், அதன் காலடியில் ஒன்று புள்ளி ஒன்று வருகிறது, திங்கட்கிழமை வரைபடத்தை அனுப்பாதீர்கள், தனிக் குழாய் போட்டு டிரம்மில் சேர்த்தால் சரியாகிவிடும், தப்பு முழுக்க என்னுடையது. அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற ஓசை கேட்டது. பூத்தின் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. அவர் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் புள்ளி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். திருச்சுழிப் பக்கம் ஒரு கிணற்றில், சார், என்றேன். கன்றுக்குட்டியை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"முதல் பக்கம் உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

கையில்தான் இருந்தது.

"உன் கையெழுத்துக்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும் பார். அதில் யார் கையெழுத்து?"

பார்த்தேன். நான் லீவுக்குக் கிளம்புகிற அன்று ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் போட்டுவிட்டிருந்தார். ஒரு வாரமாக அந்தப் பக்கத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த நான், என் கையெழுத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்து இருப்பதைப் பார்க்கவே இல்லை.

"நானும்தான் அந்த வரியைப் படித்தேன். எனக்கும் அது சின்னதாகத்தான் தெரிந்தது" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் சங்கடப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வரைபடத்தை நிறுத்திவைக்கிறேன், பண்டிகையை முடித்துக்கொண்டு வா, கணக்கை நீயே திருத்திப் போடு என்று சொல்லிவிட்டு, வைக்கப் போனவர் ஒன்று கேட்டார். அந்தக் கிணற்றில் கடைசியில் என்ன செய்தார்கள்?

தனிக் குழாய், சார், தொட்டி ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்தது கேட்டது. அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பூத்திலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்று அழுதேன். பயம் தீர்ந்த அழுகை. ஆட்டுக்குட்டிக்காரர் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து என்னிடம் வந்து, எல்லாம் சரியாப் போகும் தாயி என்று ஆறுதல் சொன்னார். சரியாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் இளையவர் ஒரு கூடை நிறையப் பச்சை மிளகாயோடு கடைக்கு வந்தார். இருபதடி நீளக் குழாய் பதினெட்டு வேண்டும் என்றார். கூடவே மூத்தவரும் வந்திருந்தார், குழாயைத் தட்டிப் பார்த்து வாங்குவதற்கு. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். அப்பா ரொம்ப நேரம் அந்த வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஒரு எட்டு போய்ட்டு பதினெட்டு லென்த்து வித்துட்டு வந்துட்டியே. நம்ம தொழில்தான்னு நான் சொன்னா ஒனக்குக் கோவம் வருது" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்த ஜெராக்ஸை எடுத்தேன். அதை என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா பதறினார். திருத்தினதைக் கொண்டு வருகிறேன் என்றேன். வந்தது. இரண்டு மாதம் கழித்து நான் கொண்டுவந்த புது ஜெராக்ஸ் அந்தக் கண்ணாடிக்கு அடியில் மஞ்சளாகிப் போகும்வரை இருந்தது. அதில் வால்வுகளின் வரிசையை நான் மாற்றியிருந்தேன். எல்லாவற்றிலும் சின்னது முதல் வரியில் இருந்தது. ஏன் தலைகீழாக எழுதியிருக்கிறாய் என்று செக்ஷன் தலைவர் கேட்கவில்லை. தன் கட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த முதல் வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்த வரியைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்து, பிறகு புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டார். உற்றுப் பார்த்தால் ஜெராக்ஸில்கூட அந்த இடம் லேசாகத் தெரியும்.